இன்னும் எவ்வளவு தூரம்?

நெடும்பயணம் செல்லும் மகிழுந்தின் பின்னிருக்கையிலிருந்து எழும் ஒரு வினாவை அறியாத பெற்றோர் நம் நாட்டில் இருக்க முடியாது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்பதே அவ்வினா. புறப்பட்ட அரைமணி நேரத்தில் அது முதன்முறையாக எழும். பிறகு ஒவ்வொரு வளைவிலும் எழும். அதற்கு நாம் கூறும் விடையும் எல்லாரும் அறிந்ததே. "இதோ, வந்துவிட்டோம்" என்போம். பினாங்கிலிருந்து தெற்கு நோக்கிக் கிளம்பிய வண்டி அப்போது நிபோங் திபாலைக்கூடத் தாண்டியிராது.

இவ்விடையைப் பொய் என்று சொல்ல ஒருவரும் துணியமாட்டார். அன்பினால் சொன்னது, ஆறுதலுக்காகச் சொன்னது, இதனால் எவருக்கும் இழப்பில்லை. இவ்வாறே நாம் எண்ணுகிறோம். ஆயினும் பிள்ளைகளோடு பழகுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்தச் சின்னஞ்சிறு விடை நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனெனில் இதனை நான் இரண்டு இடங்களில் காண்கிறேன். ஒன்று மகிழுந்துக்குள், மற்றொன்று, அம்மகிழுந்துப் பயணத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்காக நாம் எழுதுகின்ற கதைகளிலும், பிள்ளைகளே எழுதுகின்ற கதைகளிலும்.

பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் நம் தமிழ்ப்பள்ளிகளில் எழுதப்படும் கட்டுரைகளை நினைத்துப் பாருங்கள். 'விடுமுறையில் நான் மேற்கொண்ட பயணம்' என்ற தலைப்பு பல தலைமுறைகளாக மாறவில்லை. 2021-ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது, அத்தேர்வுக்காகப் பிறந்த மாதிரிக் கட்டுரைகளின் நடை மட்டும் நீங்கவில்லை. காலை ஏழு மணிக்கு இறைவனை வணங்கிவிட்டுப் புறப்படுவார்கள். சாலையின் இருமருங்கிலும் செம்பனை மரங்கள் அணிவகுத்து நிற்கும். குளிர்ந்த காற்று முகத்தை வருடும், குளிரூட்டிய வண்டியில் சன்னல் மூடியிருந்தாலும்! "பயணக் களைப்பே தெரியவில்லை" என்ற வரியோடு உறவினர் வீடு வந்து சேரும். வீட்டில் 'காடி' என்று சொல்லும் பிள்ளை, ஏட்டில் 'மகிழுந்து' என்று எழுதும். அதில் எனக்குக் குறையில்லை. எழுத்துக்கென்று ஒரு நடை வேண்டும். ஆனால் சொல் மாறும்போது பயணமும் மாறிவிடுகிறதே, அதுதான் குறை. தம்பி வாந்தி எடுத்தது எங்கே? சன்னலோர இருக்கைக்காக நடந்த சண்டை எங்கே? அம்மாவும் அப்பாவும் வழிமாறிப் போனதற்கு ஒருவரையொருவர் நொந்துகொண்டு ஒரு மணி நேரம் பேசாதிருந்தது எங்கே?

அச்சிட்ட சிறுவர் கதைகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான். பயணத்தின் தொடக்கம் இருக்கும், முடிவு இருக்கும், நடுவழி இராது. "மறுநாள் பாட்டி வீட்டை அடைந்தார்கள்" என்று ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் முந்நூறு கிலோமீட்டரைக் கடந்துவிடுவார். கதையின் சுருக்கத்திற்காக அது வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் பிள்ளையின் பயணம் முழுவதும் நடந்தது அந்த நடுவழியில் அன்றோ?

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் ஏட்டில் இவ்வாறு எழுதியிருந்தாள்: "அப்பா ஐந்து தடவை இதோ வந்துவிட்டோம் என்று சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை." வகுப்பாசிரியர் அவ்விரு வரிகளின்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, 'தேவையில்லை' என்று குறித்திருந்தார். செம்பனை மரங்களும் குளிர்ந்த காற்றும் நிறைந்த அந்த ஏட்டில், உண்மையில் தேவையானவை அவ்விரண்டு வரிகளே என்பது என் துணிபு. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை! அவளுக்குக் களைப்பு நீங்கியதனாலா? ஊர் வந்துவிட்டதனாலா? இல்லை. கேட்டுப் பயனில்லை என்று அறிந்துகொண்டதனால்.

இந்த வினா பழைமையானது. நம் பெருங்காப்பியத்திலேயே அது இடம்பெற்றிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், புகாரைவிட்டு வெளியேறிச் சிறிது தொலைவு நடந்ததுமே கண்ணகி களைத்துப் போகிறாள். மதுரை மாநகர் எங்கே இருக்கிறது என்று கணவனைக் கேட்கிறாள். உலகம் அறியாத அந்த இளம்பெண்ணின் வினாவும் பின்னிருக்கைக் குழந்தையின் வினாவும் ஒன்றே. கோவலன் அளித்த விடையைப் பாருங்கள். ஆறு, ஐந்து என்ற இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்து அத்தனை காதம் என்கிறான். பெருக்கிப் பார்த்தால் முப்பது காதம். பெருக்காமல் கேட்டால் ஐந்தோ ஆறோ காதம். அதோடும் நில்லாமல், அருகில்தான் என்றும் சொல்லிச் சிரிக்கிறான்.

இளங்கோவடிகளின் கூர்மையை இங்கே எண்ணி எண்ணி வியக்கிறேன். கோவலன் சொன்ன எண் பொய்யன்று. கணக்குப் பார்ப்பவர்க்கு அது முழு உண்மை. ஆனால் கேட்டவள் கணக்குப் பார்க்க மாட்டாள் என்பதை நம்பிச் சொன்ன உண்மை அது. அவன் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை என்பதை நாம் உணர்கிறோம். இதே நிலையில் துளசிதாசரின் கவிதாவளியில் சீதையும், ஊரைவிட்டு வெளிவந்த சிறிது நேரத்திலேயே இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்கிறாள். இராமன் கண்களில் நீர் வழிகிறது. ஒருவன் சிரித்தான், ஒருவன் அழுதான். அந்த வினா தொலைவைப் பற்றியதன்று என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. "நான் களைத்துவிட்டேன், அது உங்களுக்குத் தெரிகிறதா?" என்பதே அதன் பொருள்.

அன்பினால் சொல்லும் பொய்க்கு அறநூலில் இடமுண்டே என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. வாய்மை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், தீமை பயவாத சொல்லே வாய்மை என்று முதற்குறளில் வரையறுத்து, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அடுத்த குறளில் கூறுகிறார். இந்த இரண்டாம் குறளைச் சொந்த வசதிக்காக எடுத்தாளாத தமிழர் அரியர். ஆனால் அவர் வைத்த கட்டுப்பாட்டை நாம் மறந்துவிடுகிறோம். நன்மை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. குற்றமற்ற நன்மை என்றார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "இதோ வந்துவிட்டோம்" என்பதனால் நன்மை அடைபவர் யார் என்பது. பிள்ளையா? அதற்குக் கால் மரத்துப் போனது மரத்துப் போனதே. பத்து நிமிட அமைதி கிடைத்தது ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர்க்கு. தமக்கு வேண்டிய அமைதியைப் பிள்ளையின் நம்பிக்கையைக் கொடுத்து வாங்கிவிட்டு, அதனைப் பிள்ளைக்குச் செய்த ஆறுதல் என்று கணக்கெழுதுவது முறையன்று.

தந்தையின் சிறு சொல்லை இவ்வளவு நிறுத்துப் பார்க்க வேண்டுமா என்று சிலர் முகம் சுளிப்பர். மலாயாத் தமிழருக்கு இச்சொல்லை நிறுத்துப் பார்க்கக் காரணம் உண்டு. தொலைவைக் குறைத்துச் சொன்ன பிறரையும் நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் பர்மா இரயில்பாதை அமைக்க ஜப்பானியர் இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டு சென்றனர். சிலரை வலுவில் பிடித்தனர். பலரிடம் சில மாத வேலை, நல்ல கூலி, உணவு, தங்குமிடம் என்று ஆசை காட்டினர். குடும்பத்தோடு சென்றவர்களும் இருந்தனர். அடைத்த இரயில் பெட்டிகளில் நாட்கணக்கில் சென்ற அந்தப் பயணத்திலும் ஏதோ ஒரு குழந்தை, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டிருக்கும். விடை சொல்லக்கூடியவர் எவரும் அந்தப் பெட்டியில் இல்லை. 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையின் ஓரத்தில் பல்லாயிரவர் மடிந்தனர். அந்த வஞ்சகத்தையும் தந்தையின் ஆறுதலையும் ஒரே தட்டில் வைப்பது பேதைமை. நான் அவ்வாறு வைக்கவில்லை. ஆனால் எவ்வளவு தூரம் என்று கேட்பவன் விடை சொல்பவனின் கையில் இருக்கிறான் என்பது இரண்டிற்கும் பொது. வழி தெரிந்தவன் வழி தெரியாதவனுக்குச் சொல்லும் சொல் எளிய சொல்லன்று.

அப்படியாயின் பிள்ளைக்கு எதைத்தான் சொல்வது? "முந்நூற்றைம்பது கிலோமீட்டர், நான்கு மணி நேரம்" என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் விளங்குமா? ஆசிரியர் பயிற்சியில் நாம் படித்த பியாஜே, குழந்தை காலத்தை எவ்வாறு அறிகிறது என்பது பற்றி 1946-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக நின்ற இரண்டு பொம்மைகளில், வேகமாகச் சென்றதால் அதிக தூரம் போய்விட்ட பொம்மையே அதிக நேரம் ஓடியது என்று சிறு பிள்ளைகள் கூறியதை அவர் கண்டார். காலமும் தொலைவும் அவ்வயதில் பிரிந்து தோன்றுவதில்லை. இதைப் படித்துவிட்டு, "புரியாத பிள்ளைக்கு எதைச் சொன்னால் என்ன?" என்று முடிவு கட்டுவோர் உண்டு. நான் அதிலிருந்து நேர்மாறான பாடத்தைப் பெறுகிறேன். காலம் தொலைவாகத்தான் தெரியும் என்றால், தொலைவைக் கண்ணால் காணும்படி சொல்ல வேண்டும்.

பழைய சாலை இதற்கு நன்றாக உதவியது. மைல் கற்கள் இருந்த காலத்தில் நம் பெரியோர் 'இத்தனை கட்டை' என்று சொல்வார்கள். பிள்ளைகள் கற்களை எண்ணுவார்கள். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை, தீவிலிருந்து வண்டியோடு வெளியேற ஒரே வழி படகுதான். 1925 முதல் வண்டிகளை ஏற்றிச் சென்ற அந்தப் படகுச் சேவை 2021-ஆம் ஆண்டு தொடங்கியபோது மகிழுந்துகளுக்கு முடிந்துபோயிற்று. படித்துறையில் வரிசை, கடற்காற்று, பட்டர்வொர்த் கரை. பயணத்தின் முதல் அதிகாரம் அதுவே. அதன்பின் தைப்பிங், கோலகங்சார், ஈப்போ, தாப்பா, தஞ்சோங் மாலிம் என்று ஒவ்வோர் ஊரின் கடைத்தெருவையும் கண்ணால் கண்டு கடக்க வேண்டும். கோலாலம்பூர் போய்ச் சேர ஒரு பகற்பொழுது கழிந்துவிடும். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 770 கிலோமீட்டரை எந்த ஊருக்குள்ளும் நுழையாமலே கடந்துவிடலாம். வேகம் கூடியது நன்றே. ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு ஊர்கள் மறைந்துவிட்டன. பச்சைப் பலகைகளில் பெயர்களாக மட்டும் நிற்கின்றன. இப்போதோ பல வண்டிகளில் பிள்ளையின் கையில் ஒரு கைப்பேசியைத் தந்துவிடுகிறோம். வினா எழுவதே இல்லை. சிலர் இதைத் தீர்வு என்பர். வினாவைக் கேளாமல் செய்வது விடையாகாது என்பேன்.

இன்றும் அடையாளங்கள் இல்லாமற் போகவில்லை. பாலம் ஒன்று. கோலகங்சாரைத் தாண்டியதும் மலையைக் குடைந்து செல்லும் மெனோரா சுரங்கம் ஒன்று. அதற்கப்பால் ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள். "சுரங்கத்திற்குள் போய் வெளியே வந்தபிறகு, வெள்ளை மலைகள் வரும். அங்கே சாப்பிடுவோம். சாப்பிட்ட பிறகும் இதுவரை வந்த அளவு தூரம் இருக்கிறது. உனக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் முதுகு வலிக்கிறது." இவ்வாறு ஒரு தந்தை கூறினால், அவ்விடை நீண்டது, ஆனால் பிள்ளை தன் கண்ணால் சரிபார்க்கக்கூடியது. சுரங்கம் சொன்னபடி வரும்போது, சொன்னவர் சொல்லும் நிலைபெறும்.

மீண்டும் சிலம்பிற்கு வருகிறேன். கோவலனின் விடையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதே காதையில் அடுத்து வரும் விடையை நாம் மறந்துவிடுகிறோம். வழியில் அவர்களோடு சேர்கின்ற கவுந்தியடிகள், இது நீண்ட வழி, இந்த மென்மையான பாதங்களுக்கு ஏற்றதன்று என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். பிறகு வழியில் எதிர்ப்படக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும். குனிந்தபடி நடந்தால் தொங்கும் பலாப்பழம் முட்டும். பலாக்கொட்டைகள் பரற்கற்களைப் போல் காலை உறுத்தும். வயல்வழியே போனால் நண்டும் நத்தையும் மிதிபடும். துறவியின் உள்ளம் கடைசியில் அந்த நத்தைக்காகவும் இரங்குகிறது. இந்தப் பட்டியலைக் கேட்டுக் கண்ணகி சோர்ந்து அமர்ந்துவிடவில்லை, நடந்தாள். வழியின் துன்பத்தை முழுதும் சொன்னவரும் அவளோடு நடந்தார்.

சிறுவர்க்குக் கதை எழுதுவோர் கவுந்தியடிகளிடம் கற்க வேண்டும் என்று சொன்னால், கற்பனைக்கே இடமில்லையா என்று கேட்பர். இங்கே ஒரு தெளிவு வேண்டும். கற்பனை வேறு, பொய் வேறு. வீட்டில் வண்டியே இல்லாத ஒரு மாணவன், தான் போகாத பயணத்தைப் போனதாக எழுதினால் அது பொய்யென்று நான் கருதவில்லை. ஆசிரியருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருவரும் சேர்ந்து ஏறிக்கொண்ட வண்டி அது. ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங், 1964-இல் வெளிவந்த சிறுவர் கதை ஒன்றில், கடற்கரைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் மகிழுந்தை வாகன நெரிசலிலிருந்து மேலெழுப்பி வானில் பறக்க விடுகிறார். எந்தக் குழந்தையும் அதனால் ஏமாறுவதில்லை. நெரிசல் சலிப்பூட்டுவது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அவர் இறக்கை கட்டினார். "களைப்பே தெரியவில்லை" என்று எழுதுகின்றவனோ இறக்கையும் கட்டுவதில்லை, நெரிசலையும் ஒப்புக்கொள்வதில்லை. அதுவே பொய்.

என் விருப்பத்தைச் சொல்வதென்றால், ஃபிளெமிங்கைவிட அமெரிக்க எழுத்தாளர் நார்ட்டன் ஜஸ்டர் 1961-இல் எழுதிய சுங்கச்சாவடிக் கதையே எனக்கு உயர்ந்தது. அது குடும்பப் பயணமன்று. எங்கிருந்தாலும் வேறோர் இடத்தை நினைத்துச் சலித்துக்கொண்டிருக்கும் சிறுவன் ஒருவன், பொம்மைச் சுங்கச்சாவடி ஒன்றைத் தாண்டித் தன் சின்ன வண்டியில் தனியே செல்கிறான். எதுவும் நிகழாத, எவரும் சிந்திக்கக்கூடாத ஒரு மந்தமான நிலப்பகுதியில் வண்டி நின்றுபோகிறது. சிந்திக்கத் தொடங்கிய பிறகே அது நகர்கிறது. சலிப்பைத் தாண்டிப் பறக்காமல், சலிப்புக்குள்ளேயே வண்டியைச் செலுத்திய கதை. எத்தனையோ சுங்கச்சாவடிகளைக் கடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு இப்படியொரு கதை தமிழில் வேண்டும். கடக்கும் ஊர்ப்பெயர்கள் நம்முடையவையாக இருக்கட்டும். நடுவழி முழுமையாக இருக்கட்டும்.

இனி, என் கூற்றுக்கு எதிராக நிற்கின்ற மிகக் கடினமான நிலை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மவர்களின் நெடும்பயணங்களுள் பல மகிழ்ச்சிக்காக நிகழ்வன அல்ல. நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும். உறங்கும் பிள்ளையைப் போர்வையோடு தூக்கி வண்டியில் கிடத்துவோம். விழித்துக்கொண்டு எங்கே போகிறோம் என்று கேட்டால், "பாட்டியைப் பார்க்க" என்போம். கோவலன் சொன்ன எண்ணைப் போன்றது இவ்விடை. சொல் மெய், பொருள் மறைவு. இதையும் குற்றம் என்பீர்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருளில், ஓடும் வண்டியில், தானே தாயை இழந்து நிற்கும் ஒருவர் எல்லாவற்றையும் உடனே சொல்லிவிட வேண்டும் என்று கட்டளையிட நான் யார்? சொல்லும் நேரத்தைத் தள்ளிவைக்கப் பெரியவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பாட்டி பலகாரம் செய்து வைத்துக் காத்திருக்கிறாள் என்று சொல்லும் உரிமை கிடையாது. வாசலில் கட்டிய பந்தலைக் கண்டு தானாக அறியும்படி பிள்ளையை விட்டுவிடும் உரிமையும் கிடையாது. எத்தனை நேரம் தள்ளிவைக்கலாம் என்பதற்கு என்னிடம் பொதுவிதி ஏதுமில்லை. ஊர் எல்லைக்கு முன்பே என்பது மட்டும் எனக்கு உறுதி.

அந்த நண்பர் அன்று தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினாராம். விடியற்காலை. ஏழு வயது மகனை இறக்கி, ஒரு மேசையருகே உட்கார வைத்து, சூடான மைலோ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம். பையன் நெடுநேரம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். கோலாலம்பூருக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்றும், அதற்கப்பால் பாட்டி வீட்டிற்கு முக்கால் மணி நேரம் என்றும் அவர் சொன்னார். வண்டி மீண்டும் கிளம்பியதும், சாலையோரத்தில் கிலோமீட்டர் எண்களைத் தாங்கி நிற்கும் சிறு பலகைகளைப் பையன் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தானாம். அப்பாவும் அவனோடு சேர்ந்து படித்தாராம்.